விண்கலத்துக்கு இரண்டு கதவு வைத்த கரோலின் டீச்சருக்கு

கடலோடிகளின் பிள்ளைகளுக்குக் கைப்பிடித்து அகரம் எழுதக் கற்றுத்தந்த கனிவே! ஆலைகள் அனலும் புகையும் அள்ளி வீசும் ஊரில் அறிவுச் சுடரை அணையவிடாமல் காத்த அன்பே! ராயபுரத்தில் பிறந்து, திருவொற்றியூரில் பணிபுரிந்து, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பேருந்தில் நின்றபடியே வந்துபோய், காலை மணி ஒலித்த பிறகு ஒருநாளும் பள்ளி வாசலை மிதித்தறியாத வைராக்கியமே! தவறு கண்டால் கருங்கல்லாக இறுகியும், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டால் காசிமேட்டுப் பனிக்கட்டியாக உருகியும் நின்ற எங்கள் தலைமையாசிரியை திருமதி கரோலின் அவர்களே, வணக்கம்.

மடலின் மரபுப்படி இதற்குப் பிறகும் "நீங்கள், நீங்கள்" என்றே எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் டீச்சரை நேருக்கு நேர் புகழ்ந்து இரண்டாவது வாக்கியத்தை முடித்தவர் எங்களில் யாரும் இல்லை. முதல் வாக்கியத்திலேயே அவருக்கு எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டுவிடும், எழுந்து போய்விடுவார். ஆகவே அவர் மாலையும் கழுத்துமாக மேடையில் அசையமுடியாமல் உட்கார்ந்திருக்கும் இந்தப் பணிநிறைவு விழாவின் நல்ல நேரத்தில், கூடியிருக்கும் பெற்றோரே, பிள்ளைகளே, பழைய மாணவர்களே, உங்களைப் பார்த்து அவரைப் பற்றிப் பேசப்போகிறோம். அவர் காதில் விழாததுபோல இருந்துகொள்ளலாம். பள்ளியின் எல்லாக் குழாய்களையும் வெற்றி சார் காலையிலேயே இறுக்கி மூடிவிட்டார்.

டீச்சரின் குணநலன்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னால் சாப்பாடு ஆறிவிடும். படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, அனுப்பினால்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடித்தது, மழை வெள்ளத்தில் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு பாடப்புத்தகங்களை மாடிக்குச் சுமந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைகள். எங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பது ஒன்றுதான். பழைய சத்துணவுக் கூடத்தில் அவர் செய்துவைத்த விண்கலத்தின் கதை அது. அந்தக் கதையில் ஒருநாள் எங்கள் எல்லோருடைய பிள்ளைகளின் உயிரும் ஒரு தாழ்ப்பாளில் தொங்கியது. ஆகவே அதை நிதானமாகத்தான் சொல்வோம்.

புதிய சத்துணவுக் கூடம் கட்டிய பிறகு பழையது சும்மா கிடந்தது. உடைந்த பெஞ்சுகளும், தேர்தல் முடிந்து யாரும் எடுத்துப்போகாத மூங்கில் தட்டிகளும், ஒரு பூனையும் அதில் குடியிருந்தன. அந்தச் சமயத்தில் டீச்சர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போனார். வெளிநாட்டில் எங்கோ சின்னப் பிள்ளைகள் வகுப்பறைக்குள்ளேயே விண்கலம்போல ஓர் அறை செய்து, உள்ளே உட்கார்ந்து கிரகம் கிரகமாகப் போவதாகப் பாவித்துப் பாடம் படிப்பதை அங்கே படம்போட்டுக் காட்டினார்களாம். முகாமுக்குப் போன மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். டீச்சர் மட்டும் உட்கார்ந்தே இருந்தாராம்.

மறுநாள் எங்களைக் கூப்பிட்டு அவர் சொன்ன காரணம் வேடிக்கையாக இருந்தது. நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கப்பலைப் பார்க்கிறார்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களின் கொடியைப் பார்த்தே எந்த நாடு என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒருவர்கூட ஒன்றிலும் ஏறியதில்லை. ஆகவே அவர்களுக்கு ஒரு கப்பல் வேண்டும். கடலில் போகிற கப்பல் செய்ய நம்மால் ஆகாது, வானத்தில் போகிறதை நாமே செய்துவிடலாம் என்றார். ஜெமிமா டீச்சர் சிரித்துவிட்டார். கரோலின் டீச்சர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் ஒன்றைச் சொன்னால் அது நடந்துவிடும் என்பது எங்களுக்கு அனுபவம். பூனையை எங்கே குடிவைப்பது என்று அன்றே பேச ஆரம்பித்துவிட்டோம்.

விண்கலம் எப்படி உருவாயிற்று என்பதை ஊரே அறியும். ஏனென்றால் ஊரே அதற்குப் பொருள் கொடுத்தது. கலத்தின் வட்ட ஜன்னல்கள் காயலாங்கடையில் பொறுக்கிய வாஷிங் மெஷின் கதவுகள். பழைய மாணவர்கள் புரொஜெக்டர் வாங்கித் தந்தார்கள், சுவர் முழுக்கத் திரை ஆயிற்று. ஷேர் ஆட்டோ பக்ருதீன் தன் வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் பலகைத் தரைக்கு அடியில் பதித்தோம். கலம் கிளம்பும்போது பிள்ளைகளின் உள்ளங்காலிலிருந்து பல்வரைக்கும் அதிரும். பக்ருதீனின் பயணிகள் அன்றிலிருந்து நிம்மதியாகப் போய்வந்தார்கள் என்பது இதில் கிடைத்த கூடுதல் புண்ணியம்.

படித்தவர்கள் இதை சிமுலேட்டர் என்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது "கப்பலு". கேப்டன் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்த பதவியை அவர்கள் மூன்றாம் நாளே "டிரைவரு" ஆக்கிவிட்டார்கள். விசைப்படகை ஓட்டுகிறவர் டிரைவர் என்றால் இதை ஓட்டுகிறவர் மட்டும் எப்படி வேறாவார்? முதல்முறை கிளம்பும்போது சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் ஏறமாட்டோம் என்றார்கள். இதற்குச் சக்கரமே இல்லையே என்று டீச்சர் சொல்லிப்பார்த்தார். கடைசியில் டிரைவர் நாற்காலியின் கால் அடியில் பழத்தை வைத்து நசுக்கிய பிறகுதான் பூமியிலிருந்து அனுமதி கிடைத்தது.

பூமி என்பது வேறு யாருமல்ல, டீச்சர்தான். கலத்துக்கு வெளியே, பழைய அரிசி மூட்டை அடுக்கும் மூலையில் ஒரு தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, படத்தை ஓட்டுவதும், விளக்கைச் சிவப்பாக்குவதும், மைக்கில் "பூமியிலிருந்து பேசுகிறேன்" என்று குரல் கொடுப்பதும் அவர் வேலை. வெறும் வேடிக்கைக்காக அவர் அதைச் செய்யவில்லை. எரிபொருள் பாதிதான் இருக்கிறது என்று பூமி சொன்னால் உள்ளே இருப்பவர்கள் வகுத்துப் பார்க்க வேண்டும். குடிநீரை எல்லோருக்கும் பங்கிட வேண்டும். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடுகிற பிள்ளைகள், சனிக்கிரகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் தீர்ந்துவிடக்கூடாதே என்ற கவலையில் விறுவிறுவென்று கணக்குப் போட்டார்கள். வகுப்பில் வாயே திறக்காதவர்கள் ஒயர்லெஸ்ஸில் வாய் ஓயாமல் பேசினார்கள்.

இப்படியெல்லாம் ஆவதற்கு முன்னால், முதல் பயணம் படுதோல்வி அடைந்ததை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. கலம் கிளம்பி, பூமி சின்னதாகி, திரை முழுக்க நட்சத்திரம் நிறைந்து, வெளியே காற்றே இல்லை என்று மைக்கில் டீச்சர் உருக்கமாகச் சொன்ன நேரத்தில், பின்வரிசையிலிருந்து நான்காம் வகுப்பு ஷாலு எழுந்து நின்றாள்.

"வெளிய காத்தே இல்லன்னா கருவாட்டு வாசன எப்டி மிஸ் வருது?"

அவ்வளவுதான். மொத்தக் கலமும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. அடுத்த தெருவில் கருவாடு காயப்போட்டிருந்தார்கள், ஜன்னல் இடுக்கு வழியாக அது விண்வெளிக்கே வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லியிருப்பார்கள். டீச்சர் பயணத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, நீ கேட்டது சரி, இந்தக் கப்பல் ஓட்டைக் கப்பல் என்று ஒப்புக்கொண்டார். வாசனை வராத வரைக்கும் இனிப் பயணம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வாசனையைத் துரத்த அவர் பட்ட பாட்டை நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்தோம், கொஞ்சம் கேலியும் செய்தோம். மீன் கொண்டுபோகிற குளிர் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பிராங்கிளினைப் பிடித்தார். பனிக்குளிர் வெளியே போகாமல் அடைக்கிறவருக்கு, வெளிக்காற்று உள்ளே வராமல் அடைக்கத் தெரியாதா என்று கேட்டார். பிராங்கிளின் கூடத்தின் ஜன்னல்களைப் பலகை வைத்து மூடி, இடுக்கெல்லாம் ரப்பர் பீடிங் ஒட்டி, சுவருக்கு தெர்மாகோல் அடித்து, உடைத்துப்போட்ட மீன் வண்டிகளிலிருந்து கனமான கதவுகள் இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று வெளிக்கதவு, ஒன்று உள்கதவு, நடுவில் சிலர் நிற்கிற அளவுக்கு ஒரு குறுகிய இடைவழி. கதவுகளிலேயே மீன் நாற்றம் இருந்தது வேறு விஷயம். பினாயில் ஊற்றிக் கழுவினோம், பிறகு சில நாள் விண்வெளியில் பினாயில் வாசம் அடித்தது, அதற்கும் ஷாலு எழுந்து நின்றாள். ஒருவழியாக எந்த வாசனையும் இல்லாத ஒரு நாளில்தான் கலம் சந்திரனைத் தொட்டது.

இரண்டு கதவு வந்ததும் ஒரு விதியும் வந்தது. வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் கலத்தின் காற்றெல்லாம் போய்விடும், எல்லோரும் இறந்ததாகக் கணக்கு. உள்கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. டிரைவர் நாற்காலிக்கு அடிதடி நடக்கும், ஒயர்லெஸ்ஸுக்கு அழுகை நடக்கும். கதவருகே நிற்பவரோ திரைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், ஒரு கிரகத்தையும் பார்க்க முடியாது. ஷாலு தானாக வந்து நின்றாள். கொஞ்ச நாள் கழித்து டீச்சருக்கே மனசு கேட்கவில்லை, வேறு வேலை தரட்டுமா கண்ணு என்று கேட்டார். நான் தெறந்தாத்தானே மிஸ் எல்லாரும் உள்ள வர முடியும் என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

அந்த விதியில் டீச்சர் காட்டிய கண்டிப்பு எங்களுக்கு அப்போது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றியது. ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்த மேலதிகாரி ஒருவர் வெளிக்கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டு இடைவழியில் வந்து நின்று உள்கதவைத் தட்டினார். ஷாலு அந்தக் கதவில் பதித்திருந்த வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவர் மறுபடி தட்டினார், இவள் மறுபடி தலையாட்டினாள். எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. மூலையில் உட்கார்ந்திருந்த டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லவில்லை. கடைசியில் அதிகாரி திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்த பிறகுதான் உள்ளே நுழைந்தார். இது விளையாட்டா வேலையா என்று கோபமாகக் கேட்டார். விளையாட்டுதான் சார், அதனாலதான் விதிய மீறக்கூடாது என்றார் டீச்சர். அதற்குப் பிறகு அந்த அதிகாரி எங்கள் பள்ளிப் பக்கம் நெடுநாள் வரவில்லை, நாங்களும் வருத்தப்படவில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறோம்.

மழை விட்டிருந்த ஒரு மார்கழி முற்பகல். நான்காம் வகுப்பு கலத்துக்குள் இருந்தது, டீச்சர் தன் மூலையில் இருந்தார். வடக்கே ஏதோ ஓர் ஆலையில் குழாய் வெடித்து அம்மோனியா கசிந்திருக்கிறது. எந்த ஆலை என்பது இந்த மங்கல நாளில் வேண்டாம். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. முதலில் கண் எரிந்தது, பிறகு மூக்குக்குள் ஊசி ஏற்றியதுபோல இருந்தது. தெருவில் சத்தம் கேட்டது. எட்டிப்பார்த்தால் ஜனங்கள் கைக்குழந்தைகளை இடுக்கிக்கொண்டு தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கும் ஓடத்தான் தோன்றியது. பிள்ளைகளை வரிசையாக வெளியே கொண்டுபோய்விடலாம் என்று ஜெமிமா டீச்சர் சொன்னார், வெற்றி சார் கேட்டைத் திறக்கவே போய்விட்டார். மூலையிலிருந்து வெளியே வந்த டீச்சர் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். அதன் உச்சியில் கட்டியிருந்த கயிற்றின் நுனி தெற்குப் பக்கம் பறந்தது. அப்படியானால் ஓடுகிறவர்கள் போகிற பக்கமே வாயுவும் போகிறது. சின்னக் கால்கள் எவ்வளவு வேகமாக ஓடிவிடும்? வாயு கசிந்தால் ஓடாதீர்கள், கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு ஈரத்துணியை மூக்கில் வையுங்கள் என்று தீயணைப்புத் துறையினர் எப்போதோ வந்து சொல்லிவிட்டுப் போனதும் அவருக்கு நினைவு வந்தது. ஆனால் சொன்னதைக் கேட்பது வேறு, இத்தனை பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துத் தன் கையால் கதவைச் சாத்துவது வேறு.  டீச்சர் வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"கப்பலுக்கு நட. எல்லா வகுப்பும். ஓடாத, நட."

இடைவழி வழியாக, விதி மாறாமல், கூட்டம் கூட்டமாக எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பினோம். வெளிக்கதவு சாத்தப்படும், ஷாலு உள்கதவைத் திறப்பாள், உள்கதவு மூடப்படும், அடுத்த கூட்டம் வரும். பக்கெட்டில் தண்ணீர் வந்தது, எங்கள் சேலைத் தலைப்புகளும் பிள்ளைகளின் கைக்குட்டைகளும் நனைந்தன. கடைசியாக டீச்சர் வந்தார். கலம் செய்து முடித்த நாளிலிருந்து, பயணம் நடக்கும்போது அவர் அதற்குள் நுழைந்தது அதுதான் முதல்முறை.

பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். உள்ளே எரிச்சல் இல்லை. பிராங்கிளினின் ரப்பர் பீடிங் தாங்கியது. ஆனால் பயத்துக்கு பீடிங் கிடையாது, ஒன்றிரண்டு பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. அப்போது ஒன்றாம் வகுப்பு ஜெனிஷ் டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"பூமி உள்ள வந்துட்டா, பூமில யாரு மிஸ் கீறாங்க?"

டீச்சர் அவன் உயரத்துக்குக் குனிந்தார். பிறகு, உங்க அம்மா அப்பாவெல்லாம் கீறாங்க கண்ணு, உன்னத் தேடிக்கினு வருவாங்க, அவங்களையும் ஏத்திக்கினு போலாம் என்று எங்கள் ராயபுரத்துக் கரோலினாகவே பேசினார். வகுப்பில் தூய தமிழ் தவிர வேறு பேசாதவர் அப்படிப் பேசிக் கேட்டதில் பிள்ளைகளுக்குப் பாதி பயம் போய்விட்டது.

அம்மாக்கள் வந்தேவிட்டார்கள். முதலில் வந்தவர் ஷாலுவின் தாய் பூமாரி. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறவர். அவர் குரல் ஏலக்கூடத்தின் ஒரு முனையில் எழுந்தால் மறுமுனையில் விலை இறங்கும் என்பார்கள். தெருவில் ஓடியவர்களுக்கு எதிராக ஓடி, பள்ளிக்குள் புகுந்து, வெளிக்கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு இடைவழிக்குள் பாய்ந்து, உள்கதவை இரண்டு கையாலும் அறைந்தார். வட்டக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் தாய். தாயின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, இருமல் நிற்கவில்லை. இருமலுக்கு நடுவே திட்டும் நிற்கவில்லை.

ஷாலு தாழ்ப்பாளில் கை வைத்தாள். எடுத்தாள். திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.

இந்த இடத்தைத்தான் டீச்சர் இன்றுவரை தூக்கத்தில் பார்ப்பதாகச் சொல்கிறார். எட்டிக் கை நீட்டினால் தாழ்ப்பாள். திறந்தால் ஒரு தாய்க்கு மூச்சு கிடைக்கும், விரியத் திறந்து கிடக்கிற வெளிக்கதவு வழியாக மொத்த நாற்றமும் எல்லாப் பிள்ளைகள் மேலும் வந்து விழும். திறக்காவிட்டால் ஒரு பெண் தன் தாய் கண்ணெதிரே தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தானே முன்னால் போய் நின்று அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று அடி எடுத்து வைத்தார். அதற்குள் ஷாலு கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"மொதல்ல பின்னால கதவ சாத்துமா. சாத்துனாத்தான் தெறப்பேன்."

பூமாரி திட்டினார். வூட்டுக்கு வாடி, தோல உரிக்கிறேன் என்றார். ஷாலு அழுதுகொண்டே, தாழ்ப்பாளை மட்டும் தொடாமல், சாத்துமா, சாத்துமா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த முகத்தில் பூமாரி என்ன பார்த்தாரோ, சட்டென்று திரும்பிப் போனார். வெளிக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அது சாத்திய சத்தம் அடங்குவதற்குள் ஷாலு உள்கதவைத் திறந்து தாயை உள்ளே இழுத்துக்கொண்டாள். பூமாரி மகளின் முதுகில் ஓர் அடி வைத்தார், அதே கையால் கட்டிக்கொண்டார். கொஞ்சம் நாற்றம் வந்தது, கொஞ்சம் கண் எரிந்தது, அவ்வளவுதான்.

பிறகு நடந்ததை நினைத்தால் எங்களுக்கு இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அடுத்தடுத்துப் பெற்றோர்கள் ஓடிவந்தார்கள். பூமாரி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, தான் சற்று முன்பு செய்த அதே தவறைச் செய்கிற ஒவ்வொருவரையும் தன் ஏலக் குரலில் விரட்டினார். "கதவ சாத்திக்கினு அப்பால உள்ள வா" என்ற அந்தக் குரலுக்குப் பயந்தே ஊர் விதியைக் கடைப்பிடித்தது. பக்ருதீன் தன் ஷேர் ஆட்டோவில் இருந்தவர்களையும் சேர்த்து அழைத்துக்கொண்டு வந்தார். சாத்தினார், திறந்தது, நுழைந்தார்.

இனிக் காத்திருப்பதுதான். வெற்றி சார் உள்ளிருந்தே புரொஜெக்டரை ஓட்டினார். அதில் சனிக்கிரகத்துக்குப் போகிற படம்தான் போட்டிருந்தது. தரை அதிர்ந்தது. தாய்மாரும் தகப்பன்மாரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் தைரியம் சொன்னார்கள். எங்கே போகிறோம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பூமாரி, இருக்கிற கஷ்டத்துல போயும் போயும் சனிக்கிட்டயா கூட்டினு போறீங்க டீச்சரே என்று கேட்டபோது, அத்தனை ஈரத்துணிக்குப் பின்னாலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வளையத்தோடு சனி திரை நிறைய எழும்பி வந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், இருவரைத் தவிர. ஷாலு தாழ்ப்பாளைப் பிடித்தபடி கதவைப் பார்த்து நின்றாள். டீச்சர் அவள் தோளில் கை வைத்தபடி கதவைப் பார்த்து நின்றார்.

ஆபத்து நீங்கிவிட்டது என்று தீயணைப்பு வண்டியின் ஒலிபெருக்கி தெருவில் சொல்லிக்கொண்டு போன பிறகு கதவுகள் திறந்தன. அன்று ஓடியவர்களில் பலர் கண் சிவந்து, இருமி இருமி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். நம் பள்ளிப் பிள்ளை ஒருவர்கூட அங்கே இல்லை. இதை எழுதும்போது கை நிற்கிறது. இந்தப் பள்ளியில் படித்த எங்கள் சொந்தப் பிள்ளைகளும் அந்தக் கலத்துக்குள் இருந்தார்கள். நன்றி என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய? அது போதாது, ஆனால் எங்களிடம் இருப்பது அதுதான்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் தன் மூலையில் போய் உட்கார்ந்தார். ஜெமிமா டீச்சர் கொடுத்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். சரியாகச் செய்தேனா என்று கேட்டார். அவர் எங்களிடம் அப்படிக் கேட்டது அந்த ஒருமுறைதான். 

மறுநாள் காலை பூமாரி பள்ளிக்கு வந்தார். தாயை வெளியே நிறுத்திய பஞ்சாயத்துக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நாங்கள் ஒவ்வொருவராக வகுப்புக்குள் மறைந்தோம். டீச்சர் தனியாகவே எதிரே போய் நின்றார். பூமாரி நேற்று தனக்கு இருமலில் ஒன்றும் சரியாகப் பார்க்க முடியவில்லை, அந்த வளையத்தை இன்னொரு தபா காட்ட முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து மாதம் ஒருநாள் பெற்றோர்களுக்கும் பயணம் உண்டு. இங்கே விழாவுக்கு வந்திருப்பவர்களில் சந்திரனுக்குப் போகாதவர் குறைவு, பூமாரி சனிக்கே பலமுறை போய்விட்டு வந்துவிட்டார்.

இதற்கெல்லாம் யாராவது டீச்சரைப் பாராட்டப் போனால், நானா செய்தேன், அந்தப் பெண்ணுக்குக் கருவாட்டு வாசனை அடித்ததால் கதவு வந்தது என்பார். சொல்லிவிட்டுக் குழாயைப் பார்க்கப் போய்விடுவார். கேள்வி கேட்கிற பிள்ளையை அதிசயப் பிறவி என்று மெச்சுவதோடு நின்றுவிடுகிற உலகத்தில், ஒரு பிள்ளை கேட்ட கேள்வியை நம்பி இரண்டு கதவு வைத்தவர் எங்களுக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

போதும். இனி டீச்சரைப் பார்த்தே பேசுகிறோம்.

எங்கள் அருமைத் தலைவியே! அச்சத்தை அகத்தில் அடக்கி, அன்பை ஆணையாக்கி, அத்தனை உயிரையும் காத்தவரே! உப்புக் காற்றில் துருவேறாத உடல்நலமும், உறக்கத்தில் அந்தக் கதவு வந்து மிரட்டாத மனஅமைதியும், பேருந்தில் ஏறியதும் எழுந்து இடம் தருகிற பழைய மாணவர்களும், பேரப்பிள்ளைகள் கேட்கிற விடையில்லாக் கேள்விகளும் நீங்கள் வாழும் நெடுங்காலம் முழுவதும் உங்களுக்கு நிறையட்டும். நீங்கள் விட்டுப்போகிற விதி எங்களிடம் பத்திரமாக இருக்கும்.

புகழ்ச்சி முடியும்முன் எழுந்து போவது உங்கள் வழக்கம். இன்று நீங்கள் எழுந்து போக வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய சத்துணவுக் கூடத்துக்கு நடந்து வாருங்கள். ஓடாமல் நடந்து வாருங்கள். இத்தனை காலம் பூமியாகவே இருந்துவிட்டீர்கள், உள்ளே வந்த அந்த ஒருநாளும் கதவைத்தான் பார்த்து நின்றீர்கள். இன்று பூமியாகப் பேச ஜெமிமா டீச்சர் உங்கள் மூலையில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் நாற்காலியின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. திரைக்கு நேர் எதிரே, நடுவில், இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. ஒன்று உங்களுக்கு. உயர்நிலைப் பள்ளிச் சீருடையோடு வந்து இப்போது உள்கதவருகே நிற்கிற ஷாலுவுக்கு இன்னொன்று. தாழ்ப்பாளை இன்று பூமாரி பார்த்துக்கொள்வார்.

வெளிக்கதவை நீங்களே சாத்திவிட்டுத் தட்டுங்கள், டீச்சர். சாத்தினால்தான் திறப்போம்.

என்றும் நன்றியுடன்,
தங்கள் கலத்தில் பயணம் செய்யும்
ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், பெற்றோர், பிள்ளைகள்
தொடக்கப்பள்ளி, திருவொற்றியூர்